தானமா வந்த மாட்டையும் பல்லைப் பிடிச்சுப் பாருங்க

ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தாச்சு. நம்ம டிபார்ட்மெண்ட் காரிடாரில் எந்த டீமை நிறுத்தி "டேட்டாபேஸ் என்ன?" என்று கேட்டாலும் ஒரு பாதி மாங்கோடிபி என்கும், மறு பாதி மைஎஸ்க்யூஎல் என்கும். ஏன் என்று கேட்டால் பதில் ரெடியாக இருக்கும்: "ஃப்ரீ தானே, ஓப்பன் சோர்ஸ்."

இந்தப் பதிலில் ஒரே மூச்சில் ரெண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். காசு கேட்கலை என்பது ஒன்று. ஓப்பன் சோர்ஸ் என்பது இன்னொன்று. ரெண்டும் ஒண்ணுதான் என்று நினைத்தே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டோம். டிபிஎம்எஸ் பேப்பரில் நார்மலைசேஷன் கேட்பாங்க, டெட்லாக் கேட்பாங்க, பி ட்ரீ வரையச் சொல்வாங்க. லைசென்ஸ் பற்றி ஒரு ரெண்டு மார்க் கேள்வி வந்துகூட நான் பார்த்ததில்லை. வராத கேள்வியை யார் படிப்பா?

தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பெரியவங்க சொல்வாங்க. மரியாதைக்குச் சரி. ஆனால் அந்த ஒரு மாட்டை நம்பிப் பத்து வருஷம் பால் வியாபாரம் பண்ணப்போறோம் என்றால் பல்லைப் பார்த்தே ஆகணும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே போக எவ்வளவு காசு என்பதோடு நிறுத்தாதீங்க. நாளைக்கு விதி மாறினால் வெளியே வர வழி இருக்கா என்றும் கேளுங்க. அந்த வழியைத் திறந்து வைப்பதும் மூடிவைப்பதும் லைசென்ஸ்தான்.

குவார்ட்டர்ஸும் பட்டாவும்

இதைப் புரிய வைக்க எங்க ஊரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் வீடு என்றால் குவார்ட்டர்ஸ். எந்த வட்டம், எந்த டைப் என்பதை வேலையும் கிரேடும் தீர்மானிக்கும். வீட்டைச் சுற்றி இடம் இருக்கும், மா, தென்னை, பலா எல்லாம் வைப்பாங்க. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவங்க உண்டு. ரிட்டயர்மெண்ட் வந்தால் காலி பண்ணித்தான் ஆகணும். வைத்த பலா மரம் கூட வராது.

மத்திய அரசுக் குடியிருப்புகளில் மாதாமாதம் பிடிக்கிற தொகைக்கு அதிகாரபூர்வமான பெயரே "லைசென்ஸ் ஃபீ" தான். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இது: இடம் என்னுடையது, நான் சொல்கிற நிபந்தனைப்படி நீ இருந்துக்கலாம். சாஃப்ட்வேரில் வரும் லைசென்ஸும் அதே சொல், அதே அர்த்தம்தான். நாம் ஆரக்கிளை "வாங்குவது" இல்லை. பயன்படுத்திக்கொள்ள அனுமதி வாங்குகிறோம்.

குவார்ட்டர்ஸ் மோசம் என்று சொல்ல வரலை. தண்ணி வரும், கரண்ட் வரும், ரிப்பேர் என்றால் ஆள் வரும். ஆனால் இருப்பது வேறு, சொந்தம் வேறு என்பது எங்க ஊரில் எல்லோருக்கும் தெரியும். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும். பட்டா யார் பெயரில் என்பது அங்கே வெறும் காகிதக் கேள்வி இல்லை.

இப்போ டேட்டாபேஸ் உலகத்தை இந்தக் கண்ணால் பாருங்க. மூணு வகை தெரியும்.

முதல் வகை, காசு கொடுத்து அனுமதி வாங்குவது. ஆரக்கிள் என்டர்பிரைஸ், எஸ்க்யூஎல் சர்வர், ஐபிஎம் டிபி2 எல்லாம் இதில் அடங்கும்.

ரெண்டாவது வகை, காசு வாங்காமல் தருவது, ஆனால் சாவி அவங்க கையில். ஆரக்கிள் எக்ஸ்இ 21சி இலவசம்தான். ஆனால் 12 ஜிபி டேட்டா, 2 ஜிபி ராம், 2 சிபியூ த்ரெட் வரைதான் ஓடும். எஸ்க்யூஎல் சர்வர் 2022 எக்ஸ்பிரஸும் இலவசம், ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் எடிஷனில் பெரிய எடிஷனின் எல்லா வசதியும் இருக்கு, காசும் கிடையாது. ஆனால் உருவாக்கவும் டெஸ்ட் பண்ணவும் மட்டும்தான் அனுமதி, நிஜ வேலைக்கு ஓட்டக் கூடாது.

மூணாவது வகைதான் ஓப்பன் சோர்ஸ். சோர்ஸ் கோட் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம், இதற்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டாம். இந்த உரிமைகள் அந்தக் காப்பியோடு சேர்ந்தே வரும். கொடுத்தவர் நாளைக்கு மனசு மாறினாலும், ஏற்கெனவே வெளிவந்த பதிப்பின் உரிமையைத் திரும்பப் பிடுங்க முடியாது. இதைத்தான் நான் வெளியே வரும் வழி என்கிறேன்.

மை போனாள், மரியா வந்தாள்

அந்த வழி எப்படி வேலை செய்யும் என்பதற்கு மைஎஸ்க்யூஎல் கதையே சாட்சி. 1995-ல் ஸ்வீடனில் தொடங்கியது. எழுதியவர்களில் முக்கியமானவர் மான்ட்டி என்று எல்லோரும் கூப்பிடும் மைக்கேல் வைடேனியஸ். அவருடைய மூத்த மகள் பெயர் மை. அதுதான் மைஎஸ்க்யூஎல்லில் இருக்கும் "மை". "என்னுடைய" என்று அர்த்தம் சொல்லி எவ்வளவு பேர் வைவாவில் தப்பித்திருக்காங்களோ!

2000-ல் அது ஜிபிஎல் லைசென்ஸுக்கு வந்தது. கம்பெனி ஒரே கோடுக்கு ரெண்டு லைசென்ஸ் வைத்திருந்தது. ஜிபிஎல் விதிப்படி நடக்கத் தயார் என்றால் காசு வேண்டாம். உங்க மூடிய சாஃப்ட்வேருக்குள் வைத்து விற்கணுமா, கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிக்கோங்க. கெட்டிக்கார ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரே கோடை ரெண்டு விதமாக விற்கணும் என்றால் அந்தக் கோட் முழுக்க ஒரே கம்பெனியின் பெயரில் இருக்கணும். அப்படி இருந்தால் அந்தக் கம்பெனியையே யாராவது வாங்கிவிடலாம்.

அதுதான் நடந்தது. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு மைஎஸ்க்யூஎல்லை வாங்கியது. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கி முடித்தது. உலகத்தின் மிகப் பெரிய கமர்ஷியல் டேட்டாபேஸ் கம்பெனியின் கையில், அதற்குப் போட்டியாக வளர்ந்த ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்! ஐரோப்பிய கமிஷன் இதைத் தனியாக விசாரித்த பிறகுதான் அனுமதி கொடுத்தது. மான்ட்டி காத்திருக்கவில்லை. 2009-லேயே அதே கோடை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். அதற்கு வைத்த பெயர் மரியாடிபி. மரியா அவருடைய இளைய மகள்.

இப்படிக் கோடை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போவதற்குப் பெயர் ஃபோர்க். ஜிபிஎல் இருந்ததால்தான் மான்ட்டியால் போக முடிந்தது. பணத்துக்கு விற்ற கம்பெனி, பிராண்ட் பெயர் எல்லாம் ஆரக்கிளிடம் போய்விட்டது. ஆனால் கோடின் மேல் இருந்த பொது உரிமையை யாராலும் வாங்க முடியவில்லை. ஆரக்கிள் மைஎஸ்க்யூஎல்லை மூடிவிடவில்லை, இன்றைக்கும் அது ஜிபிஎல்லில் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடணும்.

மான்ட்டியைப் பெரிய தியாகியாக நினைத்துவிடவும் வேண்டாம். 2016-ல் மரியாடிபி கம்பெனியே தன்னுடைய மேக்ஸ்கேல் என்ற சாஃப்ட்வேரை ஓப்பன் சோர்ஸிலிருந்து எடுத்து "பிசினஸ் சோர்ஸ்" என்ற புது லைசென்ஸில் போட்டது. அதில் கோடைப் பார்க்கலாம், ஆனால் நிஜப் பயன்பாட்டுக்கு வரம்பு உண்டு, சில வருஷம் கழித்துத்தான் அந்தப் பதிப்பு ஓப்பன் சோர்ஸாக மாறும். ஆளை நம்புவதைவிட லைசென்ஸை நம்புவது நல்லது.

மாங்கோவும் ரெடிஸும்

இப்போ காரிடாருக்கு வருவோம். மாங்கோடிபி 2018 அக்டோபர் வரை ஏஜிபிஎல் லைசென்ஸில் இருந்தது. அது சரியான ஓப்பன் சோர்ஸ். அதற்குப் பிறகு எஸ்எஸ்பிஎல் என்று அவங்களே எழுதிய லைசென்ஸுக்கு மாறியது. அதன் விதி: மாங்கோடிபியை ஒரு சர்வீஸாக மற்றவர்களுக்கு விற்றால், அந்த சர்வீஸை நடத்தப் பயன்படும் மேனேஜ்மெண்ட், பேக்கப், மானிட்டரிங் சாஃப்ட்வேர் எல்லாவற்றின் சோர்ஸ் கோடையும் வெளியிடணும். எந்த லைசென்ஸை ஓப்பன் சோர்ஸ் என்று அழைக்கலாம் என்று பார்க்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு இதை ஏற்கவில்லை. டெபியன், ஃபெடோரா மாதிரி லினக்ஸ்கள் மாங்கோடிபியைத் தங்கள் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டன.

நம்ம ப்ராஜெக்ட்டுக்கு இதனால் பிரச்சினை வருமா? வராது. நாம் மாங்கோடிபியை ஒரு ஆப்புக்குப் பின்னால் வைக்கிறோம், அதையே சர்வீஸாக விற்கலை. தாராளமாகப் பயன்படுத்துங்க. ரிப்போர்ட்டில் "ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ்" என்று மட்டும் எழுதாதீங்க. எக்ஸ்டர்னலுக்குத் தெரிந்திருந்தால் மாட்டிக்குவீங்க.

ரெடிஸ் கதை இன்னும் சுவாரசியமானது. 2009-ல் இத்தாலிக்காரரான சால்வடோர் சான்ஃபிலிப்போ தொடங்கியது. பிஎஸ்டி லைசென்ஸ், அதாவது "என் பெயரை மட்டும் எடுத்துவிடாதே, மற்றபடி என்ன வேணா பண்ணிக்கோ" ரகம். 2018-ல் சில கூடுதல் மாட்யூல்களின் லைசென்ஸை மாற்றியபோது, ரெடிஸ் பிஎஸ்டியாகவே இருக்கும் என்று சொன்னாங்க. 2024 மார்ச்சில் ரெடிஸின் லைசென்ஸையே மாற்றினாங்க. மாறிய எட்டே நாளில் பழைய பிஎஸ்டி பதிப்பிலிருந்து வால்கீ என்ற ஃபோர்க்கை லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்தது. துணை நின்றவர்கள் பட்டியலில் அமேசான், கூகுள் கிளவுடோடு ஆரக்கிளும் இருந்தது. ஆமாம், அதே ஆரக்கிள். 2025 மே மாதம் ரெடிஸ் 8 வந்தபோது ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தாங்க. இதற்கு முன்னால் எலாஸ்டிக்சர்ச்சும் இதே வட்டத்தைச் சுற்றியது: 2021-ல் லைசென்ஸை மாற்றியது, அமேசான் ஓப்பன்சர்ச் என்று பிரிந்தது, 2024-ல் எலாஸ்டிக்கும் ஏஜிபிஎல்லைச் சேர்த்தது.

ரெண்டு கம்பெனியும் ஏன் ஓப்பன் சோர்ஸ் பக்கம் திரும்பி வந்தன என்பதற்குப் பல காரணம் இருக்கலாம். என் கணிப்பில் முக்கியமான காரணம், பயன்படுத்துகிறவர்களால் போக முடிந்தது. போக முடிகிறவனிடம்தான் யாரும் இறங்கி வந்து பேசுவார்கள்.

அவங்க பக்கமும் நியாயம் இருக்கு

இங்கே ஒருவர் கேட்பார்: "எழுதினவன் ஒருத்தன், அதைத் தூக்கிக் கிளவுடில் வைத்துச் சம்பாதிக்கிறவன் இன்னொருத்தன். இது நியாயமா?" சரியான கேள்வி. பெரிய கிளவுட் கம்பெனிகள் ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸை எடுத்து ஒரு பட்டன் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. எழுதிய கம்பெனிக்கு அதிலிருந்து ஒரு பைசா கொடுக்கணும் என்று கட்டாயம் இல்லை. இஞ்சினியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கம்பெனி கோபப்படுவது இயல்பு.

அவங்க லைசென்ஸை மாற்றியதை நான் துரோகம் என்று சொல்ல மாட்டேன். புதுக் கோட் அவங்க எழுதுவது, விதியும் அவங்க இஷ்டம். எனக்கு இருக்கும் குறை வேறு. ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லித்தான் உலகம் முழுக்க ஆட்களைச் சேர்த்தாங்க. சம்பளம் இல்லாமல் பக் ரிப்போர்ட் எழுதினவங்க, பேட்ச் அனுப்பினவங்க, டுடோரியல் போட்டவங்க, வொர்க்‌ஷாப் நடத்தினவங்க எல்லோரும் சேர்ந்துதான் அந்தப் பெயரை வளர்த்தாங்க. குவார்ட்டர்ஸில் வைத்த பலா மரம் மாதிரி, மரம் நின்ற இடத்திலேயே நிற்கும், தண்ணி ஊற்றியவர் வெளியே நிற்பார். தங்கள் கோடுக்குக் காசு வேணும் என்றால் முதல் நாளே சொல்லி வாங்குவதுதான் நேர்மை.

அந்த வகையில் முழுக்கக் கமர்ஷியலாக இருப்பவங்களை எனக்குப் பிடிக்கும். ஆரக்கிள் தன் விலையைப் பட்டியலாகவே வெளியிடுகிறது. என்டர்பிரைஸ் எடிஷன் ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். வருஷா வருஷம் சப்போர்ட்டுக்கு அதில் 22 சதவீதம். இன்டெல் சிப் என்றால் ரெண்டு கோருக்கு ஒரு பிராசஸர் லைசென்ஸ் என்று கணக்கு. 16 கோர் உள்ள ஒரே ஒரு சர்வருக்குப் போட்டுப் பாருங்க: 8 லைசென்ஸ், 3,80,000 டாலர். நம்ம பணத்தில் 3 கோடிக்கு மேல். சப்போர்ட் வருஷத்துக்கு 83,600 டாலர், அது தனி. பேரம் பேசினால் குறையும், கூடுதல் வசதி கேட்டால் ஏறும்.

அவ்வளவு கொடுத்து ஏன் வாங்குறாங்க? ஒரு பெரிய பேங்கில் ராத்திரி ரெண்டு மணிக்கு டேட்டாபேஸ் படுத்துவிட்டால், போன் எடுத்துப் பேச ஒப்பந்தப்படி கடமைப்பட்ட ஆள் வேணும். பல வருஷம் எழுதிக் குவித்த பிஎல்/எஸ்க்யூஎல் கோட் வேறெங்கேயும் அப்படியே ஓடாது. முதல் காரணம் நியாயமான தேவை. ரெண்டாவது காரணம் மாட்டிக்கொண்டது. பில் வரும்போது ரெண்டும் சேர்ந்தே வரும், எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது இஞ்சினியரின் வேலை.

யாருக்கும் சொந்தமில்லாத டேட்டாபேஸ்

சப்போர்ட் வேணும், மாட்டிக்கவும் கூடாது என்றால் என் ஓட்டு போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லுக்கு. 1986-ல் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆராய்ச்சிதான் அதன் வேர். பிறகு ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற ரெண்டு மாணவர்கள் அதில் எஸ்க்யூஎல்லைச் சேர்த்தாங்க. ஆமாம், மாணவர்கள். 1996-ல் இப்போதைய பெயர் வந்தது. லைசென்ஸ் ரொம்பச் சின்னது, டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். காப்புரிமைக் குறிப்பை வைத்துக்கொள், மற்றபடி உன் இஷ்டம்.

லைசென்ஸைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அதன் அமைப்பு. போஸ்ட்கிரெஸ்ஸை ஒரு கம்பெனி வைத்திருக்கவில்லை. பல கம்பெனிகளில் சம்பளம் வாங்கும் ஆட்கள் சேர்ந்து எழுதுறாங்க. சப்போர்ட் விற்கும் கம்பெனிகளும் பல. ஒருத்தர் சரியில்லை என்றால் டேட்டாபேஸை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றலாம். 2020-ல் எண்டர்பிரைஸ்டிபி என்ற கம்பெனி இன்னொரு போஸ்ட்கிரெஸ் கம்பெனியை வாங்கியபோது, வழிநடத்தும் கோர் டீமில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனி ஆட்களாகிவிட்டாங்க. எழுதி வைக்காத ஒரு வழக்கம் அங்கே இருந்தது: ஒரே கம்பெனி பாதியைத் தாண்டக் கூடாது. உடனே வேறு கம்பெனிகளில் இருந்து ரெண்டு பேரைச் சேர்த்துச் சமன் செய்தாங்க. ஊர்க் கோயில் கமிட்டியில் ஒரே வீட்டு ஆட்கள் நிறைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி.

எஸ்க்யூலைட் இன்னும் ஒரு படி மேலே. ரிச்சர்ட் ஹிப் 2000-ல் எழுதி, முழுக்கப் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார். லைசென்ஸே தேவையில்லை. உங்க கையில் இருக்கும் போனுக்குள் இப்போ அதுதான் ஓடுது. வேடிக்கை என்னவென்றால், "லைசென்ஸ் பேப்பர் இல்லாமல் எங்க வக்கீல் ஒத்துக்க மாட்டார்" என்கிற கம்பெனிகளுக்காக அவங்க காசுக்கு ஒரு உத்தரவாதப் பத்திரம் விற்கிறாங்க.

இது வரிப்பணமும்கூட

நம்ம ஊரில் இதெல்லாம் புதுசு இல்லை. 2005-ல் சி-டாக் சென்னையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கு ஒரு தேசிய வள மையத்தை நடத்தின. பாஸ் லினக்ஸ் அங்கிருந்து வந்தது. கொஞ்ச நாளில் உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் எல்காட் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே பாஸும் இருந்தது. உங்க அண்ணன், அக்காவைக் கேட்டுப் பாருங்க, அதைத் திறந்தவங்க எத்தனை பேர் என்று. சாஃப்ட்வேர் வந்து சேர்ந்துவிட்டது, சொல்லிக் கொடுக்க ஆள் வரலை.

2015-ல் மத்திய அரசு ஓப்பன் சோர்ஸ் கொள்கை வெளியிட்டது. அரசு மின்னாளுமைத் திட்டங்களுக்கு டெண்டர் விடும்போது, மூடிய மென்பொருளோடு ஓப்பன் சோர்ஸையும் பரிசீலிக்கச் சொல்லணும். சப்ளையர் ஓப்பன் சோர்ஸை ஒதுக்கினால் காரணம் எழுதணும். அந்தக் காரணத்தை எழுதப் போவதும், எழுதியதைச் சரிபார்க்கப் போவதும் யார்? இன்னும் அஞ்சு வருஷத்தில் நாமதான். லைசென்ஸ் படிக்கத் தெரியாத இஞ்சினியர் கையில் எந்தக் கொள்கையும் வெறும் பேப்பர்.

சரி, என்ன செய்யலாம்?

பெரிசாக ஒண்ணும் இல்லை. நாலு பழக்கம்.

ஒன்று, ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் சாஃப்ட்வேர் ரிக்வயர்மெண்ட்ஸ் டேபிள் போடுகிறோம் இல்லையா, அதில் பெயர், வெர்ஷன் பக்கத்தில் "லைசென்ஸ்" என்று ஒரு காலம் சேருங்க. வெர்ஷனோடு சேர்த்துத்தான் எழுதணும். ரெடிஸ் 7.2-ம் 7.4-ம் லைசென்ஸில் வேற வேற.

ரெண்டு, வெளியே யாருக்காவது சாஃப்ட்வேர் பண்ணிக் கொடுக்கும்போது உஷாராக இருங்க. மந்தாரக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் காசு வாங்குறீங்க என்று வையுங்க. பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் எடிஷன் ஓடினால் லைசென்ஸை மீறுவது உங்களை நம்பிய அந்தக் கடைக்கார அண்ணன். 2022 எக்ஸ்பிரஸ் வைத்தால் சட்டப்படி சரி, ஆனால் 10 ஜிபி நிறையும் நாளில் புது பில் ஏறாது. மூடிய சாஃப்ட்வேரோடு மைஎஸ்க்யூஎல்லைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் ஜிபிஎல் கேள்வி எழும். போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சின்னக் கடைக்கு அதுவே ஏராளம்.

மூணு, எந்த டேட்டாபேஸ் எடுத்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு தடவை டேட்டா மொத்தத்தையும் வெளியே எடுத்து வேறொன்றில் ஏற்றிப் பாருங்க. எங்கே இடிக்குது என்று தெரிந்துவிடும். எதற்காக மாட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்து மாட்டிக்கொள்வதில் தப்பில்லை.

நாலு, உங்க கோடுக்கும் லைசென்ஸ் போடுங்க. கிட்ஹப்பில் பப்ளிக்காகப் போட்டுவிட்டால் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டது என்று நிறைய பேர் நினைக்கிறோம். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, கம்ப்யூட்டர் ப்ரோக்ராமை இலக்கியப் படைப்பு வகையில் வைத்திருக்கு. லைசென்ஸ் ஃபைல் இல்லை என்றால் எல்லா உரிமையும் உங்களுக்கே. அதாவது ஜூனியர் அதை எடுத்து ஒரு வரி மாற்றிப் பயன்படுத்த சட்டப்படி உங்க அனுமதி வேணும். கொடுக்கணும் என்று மனசு இருந்தால் அதை எழுதிக் கொடுங்க.

கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். டிபிஎம்எஸ் லேபில் பிஎல்/எஸ்க்யூஎல் நடத்துவதை நிறுத்தச் சொல்லலை, வேலைக்குப் போகிற இடத்தில் தேவைப்படும். அதே எக்சர்சைஸை போஸ்ட்கிரெஸ்ஸிலும் ஒரு தடவை செய்ய வையுங்க. எது மாறுது, எது மாறலை என்று ரெக்கார்டில் எழுத வையுங்க. ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கி நாலு லைசென்ஸைச் சத்தமாக வாசிக்க வையுங்க. இங்கிலீஷில் படிக்கக் கஷ்டம் என்கிற ஜூனியர்களுக்கும் வழி இருக்கு. 2012-ல் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதுகிறது. து. நித்யா எழுதிய "எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்" இலவச மின்னூலாக, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிறது. பக்கத்தில் விழுப்புரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழுவே இயங்குது, நம்ம வயசுப் பசங்களும் பொண்ணுங்களும்தான் அதில் நிறைய.

ரிவ்யூவுக்கு இன்னும் நாள் இருக்கு. இன்னிக்கு ராத்திரி உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறங்க. பயன்படுத்தியிருக்கும் டேட்டாபேஸின் லைசென்ஸைத் தேடிப் படியுங்க. போஸ்ட்கிரெஸ் என்றால் ரெண்டு நிமிஷம் ஆகும். எஸ்எஸ்பிஎல் என்றால் கொஞ்சம் டீ தேவைப்படும்.